ஒரே அழைப்பு, ஊருக்கொரு காலை: 2022 மார்ச் வேலைநிறுத்தமும் சென்னைப் பேருந்தும்

2022 மார்ச் 28, திங்கட்கிழமை. அன்று காலை சென்னையில் மின்சார ரயில் ஓடியது, பறக்கும் ரயில் ஓடியது, மெட்ரோ ஓடியது. மாநகரப் பேருந்துகளில் பெரும்பாலானவை மட்டும் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. பத்து மத்திய தொழிற்சங்கங்கள் சேர்ந்து அழைத்த இரண்டு நாள் அகில இந்திய வேலைநிறுத்தத்தின் முதல் நாள் அது.

அதே காலையில் கேரளத்தில் அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ஆட்டோ, கடை என்று எல்லாம் ஒருசேர நின்றன. மேற்கு வங்கத்தில் மாநில அரசே வேலைநிறுத்தத்தை எதிர்த்தது. ஊழியர்கள் பணிக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவும் போட்டது. கொல்கத்தாவில் பேருந்தும் மெட்ரோவும் ஓட, ஜாதவ்பூர் போன்ற இடங்களில் ரயில் மறியல் நடந்தது. மும்பையில் புறநகர் ரயிலும் பெஸ்ட் பேருந்தும் ஓடின. தில்லியிலும் பெங்களூருவிலும் அலுவலகம் போகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அழைப்பு ஒன்று, கோரிக்கைப் பட்டியல் ஒன்று, தேதி ஒன்று. விளைவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. காரணம் தேடிப்போனால் தில்லியில் எழுதப்படும் கோரிக்கைகளில் அது கிடைக்காது. அந்த ஊர்ப் பேருந்து யாருடையது, அதை ஓட்டுபவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார், அந்தச் சங்கத்தின் கட்சி ஆட்சியில் இருக்கிறதா, அவருடைய சொந்தச் சம்பளப் பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பவைதான் காலையில் நிறுத்தத்துக்குப் பேருந்து வருமா வராதா என்று தீர்மானிக்கின்றன. இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியவை. தெரிந்துகொள்ள முடியும் என்றால் பயணிகளுக்குச் சொல்லவும் முடியும். சென்னையில் அது நடக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வை எழுத வைத்தது.

அழைப்பின் பின்னணி

29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய புதிய சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கக் கூடாது. அரசின் சொத்துகளைக் குத்தகைக்கு விடும் பணமாக்கல் திட்டத்தைக் கைவிட வேண்டும். நூறு நாள் வேலைக்குக் கூடுதல் நிதி வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். கோரிக்கைகளின் சாரம் இதுதான். ஐஎன்டியுசி, ஏஐடியுசி, எச்எம்எஸ், சிஐடியு, தொமுச (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) உள்ளிட்ட பத்து சங்கங்கள் அழைப்பில் இருந்தன. ஆர்எஸ்எஸ் சார்ந்த பாரதிய மஸ்தூர் சங்கம் சேரவில்லை.

தேதி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் குறித்தது பிப்ரவரி 23, 24. ஐந்து மாநிலத் தேர்தல்கள் காரணமாக அது மார்ச் 28, 29க்குத் தள்ளிப்போனது. ஆக, திடீரென்று வந்த நிறுத்தம் அல்ல இது. தொழிற்சங்கங்களுக்கும் அரசுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வாரக் கணக்கில் முன்பே தெரிந்த தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் நான்காவது சனியும் ஞாயிறும். வங்கி ஊழியர்களில் ஒரு பகுதியினரும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால், நிதியாண்டு முடியும் நேரத்தில் பல வங்கிக் கிளைகளில் தொடர்ந்து நான்கு நாள் வேலை நடக்கவில்லை.

டிப்போ வாசலில் நடப்பது

பேருந்து எப்படி நிற்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். யாரோ சாலையை மறித்துக் கல்லெறிந்தால்தான் நிற்கும் என்ற பழைய பந்த் காலத்து நினைப்பு இன்னும் இருக்கிறது. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு ஊரை வலுக்கட்டாயமாக மூடவைப்பதும் தன் உழைப்பை நிறுத்திக்கொள்வதும் சட்டத்தின் கண்ணில் தனித்தனி. 2022 மார்ச்சில் சென்னையில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் டூட்டிக்குக் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சென்னை மாநகரப் பேருந்து கிளம்ப இரண்டு பேர் வேண்டும். ஓட்டுநர் வந்து நடத்துநர் வராவிட்டாலும் வண்டி நிற்கும், நடத்துநர் வந்து ஓட்டுநர் வராவிட்டாலும் நிற்கும். பாதிப் பேர் வந்தாலும் பாதி வண்டி ஓடும் என்று கணக்குப் போட முடியாது. அடுத்தது ஷிப்ட். விடியலுக்கு முன் கிளம்பும் முதல் வண்டிகள்தான் அன்றைய நாளைத் தொடங்கி வைக்கின்றன. ஆறு மணிக்குப் பெசன்ட் நகரில் நிற்க வேண்டிய 29சி பெரம்பூரிலிருந்து கிளம்பவே இல்லை என்றால், பெசன்ட் நகரில் காத்திருப்பவருக்கு எந்த வண்டியும் இல்லை. பதினோரு மணிக்குச் சிலர் மனம் மாறி வேலைக்கு வந்தாலும் காலை நெரிசல் நேரம் போனது போனதுதான். முதல் ஷிப்டின் இரண்டு மணி நேரத்தில் ஒரு நகரத்தின் முழு நாளும் முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களில் சங்கம் என்றால் அதன் பின்னால் ஒரு கட்சி இருக்கும். திமுகவுக்குத் தொமுச, அதிமுகவுக்கு அண்ணா தொழிற்சங்கப் பேரவை, மார்க்சிஸ்ட் கட்சிக்கு சிஐடியு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஏஐடியுசி. ஆட்சி மாறும்போது டிப்போவில் பெரிய சங்கம் எது என்பதும் பெரும்பாலும் மாறும். 2022இல் ஆட்சியில் திமுக, டிப்போக்களில் ஓங்கியிருந்தது தொமுச. அந்தத் தொமுச வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பத்து சங்கங்களில் ஒன்று. சிஐடியுவும் ஏஐடியுசியும் மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் காலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றிய அரசை எதிர்த்து ஆளுங்கட்சியின் சங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்குகிறது. ஆளுங்கட்சியின் அரசோ, வேலைக்கு வராதவர்களுக்கு அன்றைய ஊதியம் கிடையாது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. இரண்டையும் ஒரே நாள் செய்தித்தாளில் படித்த பயணி என்ன முடிவுக்கு வருவார்? அரசு மிரட்டியிருக்கிறது, அதனால் பேருந்து ஓடும் என்று நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். அரசின் அந்த எச்சரிக்கை ஊழியர்களுக்குச் சொன்னது. பயணிகளுக்கென்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

கோரிக்கைப் பட்டியலில் இல்லாத ஒரு காரணமும் டிப்போக்களில் இருந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களின் 13ஆவது ஊதிய ஒப்பந்தம் 2019 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இரண்டரை ஆண்டுக்குப் பிறகும் அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் பற்றி எல்லா ஓட்டுநர்களும் கரைத்துக் குடித்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிலுவையில் கிடக்கும் தன் சம்பள உயர்வைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. தில்லியிலிருந்து வந்த அழைப்புக்கு டிப்போவில் வலுச் சேர்த்தது இந்த உள்ளூர்க் குறைதான் என்பது என் கணிப்பு.

முதல் நாள் முடிவில் மாநிலம் முழுவதும் ஓடிய அரசுப் பேருந்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சென்னையில் அதைவிடவும் மிகக் குறைவு.

கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கு

நகரத்துக்கு நடுவே ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் அரசு குடியமர்த்தியது. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. பெண்கள் பலருக்கு இன்றும் வேலை அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும்தான். காலையில் நகரத்துக்குள் போகவும் மாலையில் திரும்பவும் அவர்களுக்கு இருந்தது பேருந்து ஒன்றுதான். ரயில் நிலையம் எதுவும் நடந்து போகும் தூரத்தில் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை 2022இல் பள்ளம் தோண்டும் கட்டத்தில் இருந்தது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அதாவது வெள்ளை போர்டு பேருந்துகளில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு பின்னர் சொன்னது. இதை அந்தத் திங்கட்கிழமையோடு பொருத்திப் பாருங்கள். பைக் வைத்திருப்பவருக்கு அன்று எந்தச் செலவும் கூடவில்லை. காரில் போகிறவருக்கு நெரிசலில் கொஞ்ச நேரம் போனது. தினமும் பேருந்தில் காசு கொடுத்துப் போகிறவருக்குச் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆனது. வெள்ளை போர்டில் போகிற பெண்ணுக்கோ எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு செலவு புதிதாக வந்து நின்றது.

துரைப்பாக்கம் பக்கம் நிறுத்தத்தில் அன்று காலை எட்டு மணி வாக்கில் இருந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் பெண்கள். கையில் சாப்பாட்டுப் பை, சிலருக்குச் சீருடை. ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றதும் முன்னாடி இருந்த அம்மா குனிந்து கேட்டார்.

"அடையாறு எவ்ளோப்பா?"

"நாப்பது ரூவாக்கா."

"தெனமும் இருபதுதானே வாங்குவீங்க?"

"இன்னிக்கு பஸ் இல்லக்கா. அந்தப் பக்கம் இறக்கிட்டு வண்டி காலியாத்தான் வரணும். ஏறுறீங்கன்னா ஏறுங்க, பின்னாடி ஆளு நிக்கிது."

அவர் ஏறவில்லை. போய்வர எண்பது ரூபாய். இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து வாங்கும் மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்தால் அன்றைய கூலியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போகாமல் இருக்கவும் முடியாது. ஒரு வீட்டில் லீவு போட்டால் கழித்துக்கொள்வார்களாம். இன்னொரு வீட்டில் கழிக்கமாட்டார்களாம், ஆனால் அடுத்த நாள் இரண்டு நாள் பாத்திரமும் சேர்ந்து கிடக்குமாம். கடைசியில் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு போனார்கள்.

ஆட்டோக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. அவர் சொன்ன கணக்கில் நியாயமும் இருந்தது. சென்னையில் ஆட்டோ மீட்டர் கட்டணத்தை அரசு கடைசியாக நிர்ணயித்தது 2013இல். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 2022 வரை அது மாற்றப்படவில்லை. இடையில் பெட்ரோல் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் யாரும் பின்பற்றாத கட்டணம் சாதாரண நாளிலேயே பேரத்துக்கு விட்டுவிடுகிறது. வேலைநிறுத்த நாளில் அந்தப் பேரத்தில் பயணியின் கை முழுதாகத் தாழ்ந்துவிடுகிறது. ஆப்பில் வண்டி பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே பேரம் பேச ஆளே இல்லை, திரையில் காட்டும் தொகைதான் தொகை.

இந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் ஒன்று. அந்த அம்மா அமைப்புசாராத் தொழிலாளர். அவருக்காகவும் சேர்த்துத்தான் அந்த நிறுத்தம். அதன் செலவை அன்று காலை தன் கைக்காசில் கட்டியவரும் அவர்தான். இதைச் சொல்வதால் வேலைநிறுத்த உரிமைக்கு நான் எதிரி ஆகிவிடமாட்டேன். உழைப்பவரிடம் கடைசியாக இருக்கும் ஆயுதம் அது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதனாலேயே, அந்த ஆயுதம் யார் மேல் எவ்வளவு படுகிறது என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு அதை ஏந்துகிறவர்களுக்கும் இருக்கிறது.

ரயில் ஏன் நிற்கவில்லை

இதற்கு விடை 1974இல் இருக்கிறது. அந்த ஆண்டு மே 8ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். இந்திரா காந்தி அரசு ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது, வேலையிலிருந்து நீக்கியது, குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியது. மே 27ஆம் தேதி வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு இந்திய ரயில்வேயில் அந்த அளவில் ஒரு நிறுத்தம் நடக்கவே இல்லை. அகில இந்திய வேலைநிறுத்தங்களின்போது ரயில்வே சங்கங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தும், ஆதரவு தெரிவிக்கும், வண்டியை நிறுத்துவதில்லை. மறியலால் நின்றால்தான் நிற்கும்.

மெட்ரோ ஓடியதற்குக் காரணம் வேறு. நிலையங்களில் டிக்கெட் தருபவர், பாதுகாவலர், துப்புரவு செய்பவர் என்று ஒப்பந்தத் தொழிலாளர்களை நம்பி நடக்கும் அமைப்பு அது. ஒருநாள் வராவிட்டால் அடுத்த நாள் வேலை இருக்குமா என்ற நிச்சயம் இல்லாதவர் எப்படி வேலைநிறுத்தம் செய்வார்? ஒப்பந்த முறையை ஒழிக்கக் கேட்டு நடந்த போராட்டத்தின்போது, நகரத்தில் தடங்கல் இல்லாமல் ஓடிய சேவை ஒப்பந்த முறையின் மேல் நின்றது. இதைப் பார்த்து மெட்ரோவைப் போல எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு விட்டால் பிரச்சினை தீரும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரும் கவலை தருகிறது.

ரயில் ஓடியதால் சென்னை தப்பியது என்று சொல்ல முடியுமா? பாதி சொல்லலாம். தாம்பரம், பல்லாவரம், ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் நிலையத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மெட்ரோவின் முதல் கட்டம் 54 கிலோமீட்டர். மாநகரப் பேருந்து ஒருநாளில் ஏற்றிப்போகும் லட்சக்கணக்கானவர்களை அதன் நான்கு பெட்டி ரயில்கள் தாங்கிவிடாது. தவிர, மெட்ரோ நிலையம் வரை போவதற்கே முதலில் ஒரு பேருந்து வேண்டியிருக்கிறது.

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு பொருளாதார ஆய்வு உண்டு. சில நிலையங்கள் மட்டும் மூடப்பட்ட அந்த இரண்டு நாட்களில் வேறு வழி தேடிப்போனவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அந்தப் புதிய வழியிலேயே தொடர்ந்தார்களாம். தாங்கள் தினமும் போன வழி சிறந்ததல்ல என்பது அவர்களுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. சென்னையிலும் மந்தைவெளிக்காரர்களில் சிலர் அன்றுதான் முதல்முறையாகப் பறக்கும் ரயிலில் ஏறியிருக்கக்கூடும். ஆனால் இப்படிப்பட்ட நன்மை மாற்று வழி இருப்பவர்களுக்கு மட்டும். செம்மஞ்சேரியில் இருப்பவருக்குக் கண்டுபிடிக்க வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள்

முதல் நாள் மாலைக்குள் பேருந்து நிறுத்தக் காட்சிகள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்துவிட்டன. மக்கள் படும் சிரமத்தைக் கருத்தில் கொண்டு இரண்டாம் நாள் தன் உறுப்பினர்கள் பேருந்துகளை இயக்குவார்கள் என்று தொமுச அறிவித்தது. மார்ச் 29 காலை சென்னைச் சாலைகளில் பேருந்துகள் திரும்பி வந்தன. முழுதாக இல்லை, ஆனால் முந்தைய நாளோடு ஒப்பிட முடியாத அளவு. சிஐடியு உள்ளிட்டவை வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தன.

ஒரு சங்கத்தின் ஒரே அறிவிப்பில் நகரம் பாதிக்கு மேல் இயல்புக்கு வந்தது என்பதைவிடத் தெளிவான சான்று என் வாதத்துக்கு வேண்டாம். கோரிக்கை ஏதும் நிறைவேறவில்லை, நீதிமன்ற உத்தரவு இல்லை, தற்காலிக ஓட்டுநர்களும் வரவில்லை. 2018 ஜனவரி 4 முதல் 11 வரை சம்பள உயர்வுக்காகப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் நடத்திய நிறுத்தத்தில் நீதிமன்ற உத்தரவும் இருந்தது, தற்காலிக ஓட்டுநர்களும் இருந்தார்கள். அப்போதும் எட்டு நாள் இழுத்தது.

கேரளத்தில் இரண்டாம் நாளும் முதல் நாள் போலவே கழிந்தது. அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபடுவதைத் தடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 28ஆம் தேதியே சொன்னது. வேலைக்கு வராத நாள் ஊதியமற்ற நாளாகும் என்று இடதுசாரி அரசும் உத்தரவு போட்டது. பேருந்து ஓடாத ஊரில் வேலைக்கு எப்படி வருவது என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் பதில் இல்லை. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 2003இல் ஜெயலலிதா அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்த வழக்கில்தான், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டி.கே.ரங்கராஜன் வழக்கு என்று இன்றும் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

மூன்று ஆண்டு கழித்து

2025 ஜூலை 9ஆம் தேதி மறுபடியும் ஒரு அகில இந்திய வேலைநிறுத்தம். அழைத்தவை பெரும்பாலும் அதே சங்கங்கள், எதிர்த்தது அதே தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை. தமிழ்நாட்டில் ஆட்சியும் மாறவில்லை. சென்னையில் மட்டும் பேருந்துகள் ஏறக்குறைய வழக்கம்போல் ஓடின. கேரளம் முடங்கியது. பக்கத்துப் புதுச்சேரியில் தனியார் பேருந்துகள் ஓடவில்லை. மேற்கு வங்கத்தில் கல்வீச்சுக்குப் பயந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு பேருந்து ஓட்டிய ஓட்டுநர்களின் படங்கள் நாடு முழுவதும் பரவின.

சென்னையில் என்ன மாறியிருந்தது? 2022 ஆகஸ்டில் 14ஆவது ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 2025 மே மாதம், வேலைநிறுத்தத்துக்குச் சில வாரம் முன்பு, 15ஆவதும் முடிந்துவிட்டது. டிப்போவில் சூடு இல்லை. 2022 மார்ச் அனுபவத்துக்குப் பிறகு தொமுசவும் முழு நிறுத்தத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஒரு வேலைநிறுத்தம் நகரத்தை எவ்வளவு முடக்கும் என்று கணிக்க விரும்புகிறவர்கள் தில்லிக் கூட்டத்தின் தீர்மானத்தைப் படிப்பதைவிட, உள்ளூர் ஊதிய ஒப்பந்தம் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்ப்பது நல்லது.

பதினான்கு நாளில் என்ன செய்யலாம்

தொழில் தகராறு சட்டம் 1947இன் 22ஆவது பிரிவுப்படி, பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது என்பது 2022இல் இருந்த விதி. சமரசப் பேச்சுக்கான அவகாசம் அது. அகில இந்திய வேலைநிறுத்தத்தில் போக்குவரத்துக் கழக நிர்வாகம் பேசித் தீர்க்க எதுவும் இல்லை. கோரிக்கை ஒன்றிய அரசிடம். அப்படியானால் அந்த 14 நாளைப் பயணிகளுக்காகச் செலவிடலாமே?

பிரான்சில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்தத்தில் சேர நினைக்கும் ஓட்டுநர் போன்ற முக்கியப் பணியாளர்கள் 48 மணி நேரம் முன்பே தனித்தனியாக நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். நிர்வாகம் அதை வைத்து, எந்தத் தடத்தில் எத்தனை வண்டி ஓடும் என்று 24 மணி நேரம் முன்பு பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும். 2019 டிசம்பரில் ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிராகப் பாரிஸ் மெட்ரோ வாரக் கணக்கில் முடங்கியபோது இது எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. பல தடங்கள் முழுதாக மூடிக்கிடந்தன. ஆனால் ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் 1, 14 ஆகிய தடங்கள் ஓடும், வேறு சில தடங்கள் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் ஓடும் என்பது முந்தைய நாள் மாலையே நகரத்துக்குத் தெரிந்திருந்தது. அதன்படி வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவும் சைக்கிளை எடுக்கவும் மக்களால் முடிந்தது.

பெயரைச் சொல்லிப் பதிவு செய்ய வைக்கும் சட்டம் இங்கே சரிவராது. 2003ஐப் பார்த்த ஊரில் அந்தப் பட்டியல் நாளைக்குப் பழிவாங்கும் பட்டியலாகவும் மாறலாம் என்ற பயம் நியாயமானது. சென்னைக்கு வேண்டியது அதைவிட எளியது. ஓடப்போகும் வண்டி பத்தில் ஒன்றுதான் என்றால், அந்தப் பத்தில் ஒன்றை எங்கே ஓட்டுவது என்று சங்கங்களும் நிர்வாகமும் முன்பே உட்கார்ந்து பேசலாம். 2022இல் டூட்டிக்கு வந்த சில ஓட்டுநர்கள் எந்த டிப்போவில் வந்தார்களோ, அந்த டிப்போவின் தடங்களில்தான் வண்டி ஓடியது. ரயிலை ஒட்டியே போகும் தடத்தில் ஒரு பேருந்து ஓடுவதால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அதையே கண்ணகி நகரிலிருந்து திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கும், பெரும்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கும், ரயில் தொடாத வடசென்னைத் தெருக்களிலிருந்து அருகிலுள்ள மெட்ரோவுக்கும் மாறி மாறி ஓட்டினால், மீதி வழியை ரயில் பார்த்துக்கொள்ளும். அரசு மருத்துவமனைகளுக்குப் போகும் தடங்களையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸுக்கு வருகிறவர் நாளைத் தள்ளிப்போட முடியாது.

சங்கங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு 2022 மார்ச் 29ஐக் காட்டுவேன். மக்கள் சிரமத்தைக் காரணம் காட்டி ஒரு சங்கம் தானாகவே தன் உறுப்பினர்களைத் திருப்பி அனுப்பிய நாள் அது. முதல் நாள் இரவில் எடுத்த அந்த முடிவைப் பத்து நாள் முன்பு, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து, குறிப்பிட்ட தடங்களுக்கு மட்டும் எடுக்கச் சொல்வதுதான் நான் கேட்பது. போராட்டத்தின் வலு அதனால் குறையாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் வீட்டுவேலைக்காரப் பெண் சங்கத்தைத் திட்டாமல் இருப்பதும் ஒரு வலுதான்.

இதை ஒருங்கிணைக்க 2022 மார்ச்சில் சென்னையில் அமைப்பு இல்லை என்பது உண்மை. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது, அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலியும் அந்த வேலைநிறுத்தம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. இப்போது இரண்டும் இருக்கின்றன. பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியும் வந்துவிட்டது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி, 14 நாள் நோட்டீஸ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமல்ல, எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்தும். இதையே எதிர்த்து அடுத்த அகில இந்திய வேலைநிறுத்தம் வரும்போது, போக்குவரத்துக் குழுமம் செய்ய வேண்டிய முதல் வேலை சிறியது. நோட்டீஸ் வந்த அன்றே சங்கங்களைக் கூப்பிட்டு, ஓடப்போகும் தடங்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொரு டிப்போ வாசலிலும் ஒவ்வொரு பெரிய நிறுத்தத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும். செயலி இல்லாத போன் வைத்திருப்பவர்கள்தான் அதை முதலில் படிப்பார்கள்.